பழைய மடிக்கணினி மந்தமானால்

மடிக்கணினி என்பது இன்று செல்வர் இல்லத்து அலங்காரப் பொருள் அன்று. தாராவியின் சால் அறையிலும், மாதுங்காவின் பழைய மாடி வீட்டிலும், செம்பூரின் காலனிக் குடியிருப்பிலும் அது பிள்ளைகளுக்குப் பள்ளியாகவும், பெரியோர்க்கு அலுவலகமாகவும், ஊரிலுள்ள உற்றாரைக் காணும் சாளரமாகவும் விளங்குகின்றது. 2020 மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடலாகாதே என்று கடன்பட்டேனும் பழைய கணினி ஒன்றை வாங்கிய பெற்றோர் பலர். தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கருவியை, வேலை தேடி இந்நகருக்கு வருகையில் உடன் கொணர்ந்த இளைஞரும் உளர்.

இக்கருவிகளெல்லாம் இப்போது முதுமை எய்திவிட்டன. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை முழுமையாக விழிப்பதில்லை; ஓர் எழுத்தைத் தட்டினால் அது தோன்றுவதற்குள் அடுத்த எண்ணம் மறந்துபோகின்றது. பிள்ளை சலித்துக்கொள்கின்றது, தந்தை தவணைக் கடையை எண்ணிப் பெருமூச்சு விடுகின்றார். பல இல்லங்களில் இரண்டு திங்கள் வருவாயை விழுங்கக்கூடிய இம்முடிவை எடுக்குமுன், நேயர்கள் நாம் கூறுவதைச் சற்றே செவிமடுக்குமாறு வேண்டுகிறோம்.

நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. மந்தம் என்பது நோய் அன்று, நோயின் அறிகுறி. காய்ச்சல் என்றவுடன் மருத்துவர் மருந்து எழுதிவிடுவதில்லை, காரணத்தை ஆராய்கின்றார். அதுபோலவே, கணினி ஏன் மெதுவாகின்றது என்பதைக் கண்டறியாமல் ஒரு ரூபாயும் செலவிடலாகாது. கண்டறிவதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. அரைமணிப் பொழுதும் சிறிது பொறுமையும் போதும்.

மூத்தது கருவியா, கூடியது சுமையா?

உலோகமும் சிலிக்கனும் ஆகிய உறுப்புகள் மனித உடலைப் போல் நாளடைவில் வலிமை குன்றுவன அல்ல. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு விநாடியில் எத்தனை கணக்குகளைச் செய்ததோ, பழுதும் சூடும் இல்லாதவரை அத்தனையையே இன்றும் அக்கணினி செய்யும். மாறியது அதன் தோள்மேல் ஏற்றப்படும் சுமையே. புதிய செயலிகளும், அசையும் விளம்பரங்கள் நிறைந்த இணையப் பக்கங்களும் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே வருகின்றன. பாஸ்கல் என்னும் நிரல்மொழியைப் படைத்த சுவிட்சர்லாந்து நாட்டறிஞர் நிக்லாஸ் விர்த், கருவிகள் வேகம் பெறுவதைவிட விரைவாக மென்பொருள்கள் மந்தமாகின்றன என்று 1995-லேயே கட்டுரை எழுதி எச்சரித்தார். அவர் 2024-இல் மறைந்தார். அவருடைய எச்சரிக்கையின் உண்மையை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இதை நம் வீட்டு வழக்கிலேயே விளக்கலாம். ஓரறை வீட்டில் குடியிருப்போர்க்குத் தரையும் பரணும் எதற்கென்று சொல்ல வேண்டுவதில்லை. தரை, அன்றாடம் புழங்கும் இடம். பரண், பொருள்களைச் சேமிக்கும் இடம். கணினியில் 'ராம்' எனப்படும் நினைவகம் தரை. ஹார்ட் டிஸ்க் பரண். தரை சிறிதாயிருந்தால், ஒரு பொருளை எடுக்க மற்றொன்றைப் பரணில் ஏற்றவேண்டும். சிறிது நேரத்தில் அதையே மீண்டும் இறக்கவேண்டும். ஏணியில் ஏறி இறங்குவதிலேயே பொழுது கழியும். மந்தமான மடிக்கணினிகளுள் மிகப் பலவற்றின் உள்ளே நிகழ்வது இந்த ஏணி வேலைதான்.

முதற்கண் செய்யவேண்டியவை

எதையும் தொடுமுன் முதற்கடமை ஒன்றுண்டு. குடும்பப் படங்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், ஆதார் முதலியவற்றின் நகல்கள், பிள்ளையின் பாடக் குறிப்புகள் ஆகியவற்றைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ நகலெடுத்துக்கொள்ளுங்கள். கணினி போனால் வேறு வாங்கலாம். மறைந்த பாட்டியாரின் படம் போனால் எக்கடையிலும் கிடையாது. குறிப்பாக, உள்ளிருந்து 'டக், டக்' என்னும் ஓசை எழுமாயின் ஹார்ட் டிஸ்க் இறுதி மூச்சை விடுகின்றது என்று பொருள். அப்போது வேறெந்தச் சோதனையும் செய்யாது, வேண்டியவற்றை நகலெடுப்பதே அறிவுடைமை.

அடுத்து, மந்தம் எங்கே என்று பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, கணினியிலேயே உள்ள ஒரு கடிதத்தைத் திறந்து பாருங்கள். அது உடனே திறக்குமாயின் குற்றம் கணினியினுடையது அன்று, இணைய இணைப்பினுடையது. தடித்த சுவர்களும் நெருங்கிய குடியிருப்புகளும் உள்ள நம் பகுதிகளில் வைபை அலை நலிவது இயல்பு. அதற்காகக் கணினியை மாற்றுவது, குழாயில் நீர் வரவில்லையென்று குடத்தை மாற்றுவது போலாகும்.

மூன்றாவதாக, கணினியை ஒருமுறை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். நாள்தோறும் 'ஷட் டவுன்' செய்கிறோமே என்பீர்கள். அண்மைக் கால விண்டோஸ் கணினிகள் விரைவில் விழித்தெழும் பொருட்டு, அணைக்கும்போதும் தம் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஆதலின் பழைய குழப்பமும் உடன் சேமிக்கப்படுகின்றது. 'ரீஸ்டார்ட்' ஒன்றே அவற்றைப் புதிதாகத் தொடங்கச் செய்யும். பல நாள் மூடிவைத்த கணினியாயின், தேங்கிய புதுப்பிப்புகளை அது முதலில் இறக்கிக்கொள்ளும். சார்ஜரில் இணைத்து ஓரிரு மணி நேரம் அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

நாடி பார்க்கும் முறை

இவற்றிற்குப் பின்னும் மந்தம் நீடிக்குமாயின், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகை தோன்றும். சுருங்கிய வடிவில் தோன்றினால் 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டி விரியுங்கள். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்னும் மூன்று பத்திகள் விழுக்காட்டுடன் காணப்படும். இம்மூன்றுமே வாத பித்த சிலேத்தும நாடிகள். கணினி திணறும் வேளையில் எது ஓங்கி நிற்கின்றதோ, அங்கேதான் நோய்.

டிஸ்க் நூறு விழுக்காட்டைத் தொட்டு இறங்க மறுத்தால், பரணில் குற்றம். பழைய மடிக்கணினிகளில் உள்ள ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு. அதன்மேல் ஓர் ஊசிமுனை அங்குமிங்கும் நகர்ந்து செய்தியைப் படிக்கின்றது. ஒரு விநாடியில் ஏறத்தாழ நூறு வெவ்வேறு இடங்களைத் தொடுவதே அதற்குப் பெரும்பாடு. இக்கால மென்பொருளோ ஆயிரக்கணக்கான இடங்களை ஒருசேரக் கேட்கின்றது. இதற்கு மருந்து 'எஸ்.எஸ்.டி.' எனப்படும், சுழலும் உறுப்பே இல்லாத சேமிப்பகம். அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்தி எடுத்துத் தரவல்லது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே குழியில், அதே திருகாணிகளைக் கொண்டு இதனைப் பொருத்திவிடலாம். மந்த நோய்க்கு நாம் அறிந்த மருந்துகளுள் செலவுக்கேற்ற பலன் மிகுதியும் தருவது இதுவே. நீக்கிய பழைய டிஸ்க் நலமாயிருப்பின், யு.எஸ்.பி. உறை ஒன்றிலிட்டு நகல் சேமிக்கும் பெட்டியாக்கிக்கொள்ளலாம்.

மெமரி எண்பது, தொண்ணூறு விழுக்காட்டில் நிற்குமாயின், தரை போதவில்லை. 4 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்தால் அது திணறாமல் என் செய்யும்? வேண்டாத பக்கங்களை மூடுங்கள். பிரவுசரில் ஒட்டிக்கொண்டுள்ள துணைநிரல்களை நீக்குங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' என்னும் பகுதி உண்டு. கணினி விழித்தவுடன் அழையா விருந்தினராக வந்து அமரும் செயலிகளின் பட்டியல் அது. அவற்றுள் தேவையற்றவற்றை அங்கேயே முடக்கலாம். இதனால் செயலி அழிந்துவிடாது, அழைத்தபோது மட்டுமே வரும். இவ்வளவும் செய்து போதாவிடில், 8 ஜி.பி. அளவிற்கு நினைவகத்தை உயர்த்தலாம். ஆயின் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று அவற்றில் வகைகள் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. சில கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது. வாங்குமுன் கேட்டறிக.

சி.பி.யூ. ஓங்கி நின்று, கணினியின் அடிப்பகுதி தொடமுடியாதவாறு சுடுமாயின், வெப்பமே காரணம் என ஐயுறலாம். செயலகம் ஏறத்தாழ நூறு பாகை செல்சியசை நெருங்கும்போது, தான் கருகிவிடாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. தகரக் கூரையின்கீழ் மே மாத வெப்பத்தில், காற்றாடியைத் தூசி அடைத்திருக்கும் கணினிக்கு இந்நிலை விரைவில் நேரும். மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து இயக்குதல் கூடாது. அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடும். மரப்பலகை ஒன்றின்மேல் வையுங்கள். தூசியை அகற்றிச் செயலகத்தின் மேலுள்ள வெப்பப் பசையைப் புதுப்பிக்கும் பணியைத் தேர்ந்த தொழிலாளியிடம் விடுக. அளவில் சிறிய, பொருத்தமில்லாத சார்ஜரை இணைத்தாலும் சில கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவிற் கொள்க.

டிஸ்க்கில் இடமே இல்லாமல் நிறைந்துவிடுவதும் மந்தத்திற்குக் காரணமாகும். ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக இருத்தல் நன்று. மலிவு விலையில் விற்கப்பட்ட சிறு மடிக்கணினிகள் சிலவற்றில் மாற்றவியலாத 32 ஜி.பி. சேமிப்பகமே உண்டு, விண்டோஸின் புதுப்பிப்புகளே அதனை நிரப்பிவிடும். அத்தகைய கருவிகளுக்கு ஏற்ற வழியைப் பின்னர்க் கூறுவோம்.

செய்யத்தகாதவை

'ஒரே நொடியில் கணினியை வேகமாக்குவோம்' என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நாடாதீர்கள். அவற்றுட் பல தாமே சுமையாகின்றன. சில, கள்வனைக் காவலுக்கு வைத்த கதையாக முடிகின்றன. 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துள்ளது, இவ்வெண்ணை உடனே அழையுங்கள்' என்று திரையில் தோன்றுமாயின் அது வஞ்சகர் விரித்த வலை. அழைத்தவர்கள் தம் கணினியின் கட்டுப்பாட்டையும் வங்கிப் பணத்தையும் இழந்ததுண்டு. உண்மையான நிறுவனம் எதுவும் அவ்வாறு திரையில் தொலைபேசி எண் காட்டி மிரட்டாது. இரண்டு வைரஸ் தடுப்பான்களை ஒருங்கே வைத்தலும் தவறு. ஒன்றையொன்று கண்காணித்தே கணினியைக் களைக்கச் செய்யும். விண்டோஸுடன் வரும் தடுப்பானே பொதுவாக இல்லப் பயன்பாட்டிற்குப் போதுமானது.

காலம் கடந்த விண்டோஸ்

பழைய கணினிகள் பலவற்றிலும் உள்ளது விண்டோஸ் 10. 2015-இல் வெளிவந்த அதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. தனியே பதிவு செய்துகொள்ளும் இல்லப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவிக்கப்பட்டது. காலம் முடிந்தமையால் கணினி நின்றுவிடாது. ஆயின் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா. அத்தகைய கணினியில் வங்கி வேலை செய்தல் பூட்டில்லாக் கதவின் பின் நகையை வைப்பது போன்றது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே எனில், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலகங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை அது முறைப்படி ஏற்பதில்லை.

இந்நிலையில் கைகொடுப்பது லினக்ஸ். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை விலையின்றிக் கிடைப்பவை. பழைய கருவிகளிலும் இலகுவாக ஓடுபவை. தமிழில் தட்டெழுதவும் இடமளிப்பவை. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்னும் பெயரில் லினக்ஸ் ஒன்றை உருவாக்கியுள்ளது. கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து, பிடித்தால் நிறுவலாம் என்பது இவற்றின் சிறப்பு. கடிதம் எழுதுதல், இணையம் காணுதல், பிள்ளைகள் பாடம் கேட்டல் ஆகியவற்றிற்கு இது போதும். கணக்கு வேலைக்கான சில மென்பொருள்களும் தேர்வுக்கான சில செயலிகளும் விண்டோஸிலேயே இயங்குவன. அவை தேவைப்படுவோர் முன்னரே விசாரித்துக்கொள்க.

கடைக்குச் செல்லுமுன்

கணினிப் பொருள் என்றால் இந்நகரத்தார் நினைவுக்கு வருவது கிராண்ட் ரோடு நிலையத்தருகே உள்ள லாமிங்டன் சாலை. டாக்டர் பட்கம்கர் பெயர் சூட்டப்பட்ட பின்னும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அங்கு செல்வோர், கணினியின் அடியிலுள்ள வகை எண்ணையும், நாடி பார்த்து அறிந்ததையும் தாளில் குறித்துச் செல்க. 'கணினி மெதுவாக ஓடுகின்றது' என்று சொல்பவர்க்குக் கூறப்படும் விலை வேறு. 'டிஸ்க் நூறு விழுக்காட்டில் நிற்கின்றது, எஸ்.எஸ்.டி. மாற்றவேண்டும்' என்று சொல்பவர்க்குக் கூறப்படும் விலை வேறு. விலைகள் ஏறி இறங்குவன. மூன்று கடைகளிலேனும் கேளுங்கள். உத்தரவாதம் குறித்த ரசீது பெறுங்கள். இயன்றவரை உடனிருந்து செய்வியுங்கள். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கடவுச்சொற்கள் சேமித்த கணினியை விட்டுவர நேர்ந்தால், அவற்றை நீக்கிய பின்னரே ஒப்படையுங்கள்.

தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று இந்நகருக்கு வந்து, அலுவலகங்களில் அமர்ந்து குடும்பங்களை நிலைநிறுத்தியவர்கள் நம் முன்னோர் பலர். கோத்ரேஜ் நிறுவனம் 1955-இல் இந்தியாவிலேயே தட்டெழுத்துப் பொறி செய்யத் தொடங்கிய காலம் அது. நல்ல தட்டெழுத்தர் எழுத்துக்கட்டைகளைத் தூரிகையால் துலக்கி, வேண்டிய இடத்தில் எண்ணெயிட்டு, உறையிட்டு மூடிய பின்னரே இருக்கையை விட்டு எழுவார். பொறி சோறு போடுகின்றது என்பதை உணர்ந்த பணிவு அது. அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையிலுள்ள கருவிக்கும் அப்பணிவு தகும்.

பிரியும் வேளை

எல்லாக் கணினியையும் காப்பாற்றிவிடலாம் என்று நாம் கூறவில்லை. தாய்ப்பலகை பழுதுற்றாலோ, திரையும் பேட்டரியும் டிஸ்க்கும் ஒருங்கே கெட்டாலோ, செப்பனிடும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலோ, விடைகொடுப்பதே முறை. பேட்டரி உப்பித் தொடுதளம் மேலெழும்பியிருக்கக் கண்டால், ஒரு நாளும் தாமதியாதீர்கள். அதனைச் சார்ஜ் செய்வதும், அழுத்துவதும், குத்துவதும் தீவிபத்திற்கு வழிகோலும். ஐவர் உறங்கும் அறையில் அது இருக்கத் தகாது. பேட்டரியை மட்டும் மாற்றி, கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கழிக்கும்போதும் கடமை உண்டு. கோப்புகளை அழித்துவிட்டோம் என்று எண்ணி விற்கின்றோம். சாதாரணமாக அழித்த கோப்பை மீட்டெடுத்தல் எளிது. டிஸ்க்கை முற்றாகத் துடைத்தோ, கழற்றி வைத்துக்கொண்டோதான் விற்கவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பழைய கருவிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியே செலுத்த வகைசெய்கின்றன; விற்ற நிறுவனத்தாரிடமும் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டா எனக் கேட்கலாம். குப்பையோடு எறிந்தால் அது எங்கே போகும் என்பதைத் தாராவியில் வாழ்வோர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. கையுறையுமின்றிக் கம்பியை எரித்துச் செம்பைப் பிரிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள்தான் அதன் நஞ்சு போகும். அவர் நம் அண்டை வீட்டுக்காரர். அவருடைய பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பள்ளியில் பயில்கின்றனர்.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இந்த நாடி பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். பழுதைக் கண்டு அஞ்சாமல், காரணத்தைத் தேடி, சிறு செலவில் தீர்க்கும் பழக்கம் பதின்மூன்று வயதில் கைவருமாயின், அது வாழ்நாள் முழுதும் துணைநிற்கும். செப்பனிட்ட கணினி வீட்டிற்குத் தேவைப்படாவிட்டால், அடுத்த வீட்டில் கைபேசியின் சிறு திரையில் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் குழந்தைக்குக் கொடுங்கள்.

அடுத்த திங்கள், மழைக்காலத்தில் வீட்டு மின்கருவிகளை ஈரத்தினின்று காக்கும் முறை குறித்து எழுதுவோம்.